உயரம் எதைக் காட்டும், எதை மறைக்கும்? வான், விண்வெளிப் படைபலம் பற்றி மலையக வாசகருக்கு ஓர் எளிய விளக்கம்

அப்புத்தளைக்கு அப்பால், தம்பேதன்னை தோட்டத்துக்கு மேலே இருக்கும் லிப்டன் சீட்டுக்கு விடியுமுன் ஏறிப் போனால், வானம் வெளித்திருக்கும் நாட்களில் தெற்குச் சமவெளி முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். அதற்கும் அப்பால் கடல் ஒரு வெளிறிய கோடாகத் தெரியும். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். நிற்கும் இடமும் உயரமும் மாறவில்லை. பத்தடி தள்ளியுள்ள தேயிலைச் செடிகூடத் தெரியாது. வான்படை, விண்வெளிப்படை என்று செய்திகளில் அடிபடும் விடயத்தின் பாதி இந்தக் காட்சிக்குள்ளேயே இருக்கிறது. மறுபாதி, மேலிருந்து கண்ட ஒன்றைச் செயலாக மாற்றுவதற்குள் எத்தனை கைகள் தவறில்லாமல் இயங்க வேண்டியிருக்கிறது என்பது.

வான்பலம் என்றதும் சண்டை விமானமும் குண்டும்தான் பலருக்கு நினைவில் வரும். படைத்துறையினர் அந்தச் சொல்லுக்குள் நான்கு வேலைகளை அடக்குகிறார்கள்: வானத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருத்தல், தரையிலோ கடலிலோ உள்ள இலக்கைத் தாக்குதல், ஆளையும் பொருளையும் ஏற்றியிறக்குதல், மேலிருந்து பார்த்தல். விண்வெளிப் பலம் இந்த நான்குக்கும் அடித்தளம். படங்கள், இடமும் நேரமும், தொலைத்தொடர்பு, ஏவுகணை கிளம்பியதும் வரும் எச்சரிக்கை ஆகியவற்றைச் செய்மதிகள் தருகின்றன. செய்மதியிலிருந்து யாரும் குண்டு போடுவதில்லை. 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் அணுவாயுதத்தையும் ஏனைய பேரழிவு ஆயுதங்களையும் பூமியின் சுற்றுப்பாதையில் வைப்பதைத் தடைசெய்கிறது.

பார்வைக் கோடு

பூமி உருண்டை. ராடார் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். ஆகவே எவ்வளவு தூரம் பார்க்கலாம் என்பதை உயரம் தீர்மானிக்கிறது. கணக்கு மிக எளிது. உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், ராடாரின் அடிவானம் கிலோமீற்றரில் கிடைக்கும். கண்ணுக்கென்றால் 3.57 ஆல் பெருக்க வேண்டும். ராடார் அலை காற்றில் சற்று வளைவதால் அதற்குக் கொஞ்சம் கூடுதல். இலக்கும் உயரத்தில் பறந்தால் அதன் உயரத்துக்கும் இதே கணக்கைப் போட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கடற்கரையில் 20 மீற்றர் கோபுரத்தில் ஒரு ராடார் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மீற்றர் உயரத்தில் வரும் விமானத்தை அது 60 கிலோமீற்றரில்தான் காணும். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் வரும் விமானம் அந்தத் தூரத்தை நான்கு நிமிடத்தில் கடந்துவிடும். அதே ராடாரை 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகலை உச்சியில் வைத்தால், கணக்குப்படி 248 கிலோமீற்றர். கிடைக்கும் அவகாசம் பதினாறு நிமிடம். 9,000 மீற்றரில் பறக்கும் விமானத்தின் முதுகில் பொருத்தினால் 430 கிலோமீற்றருக்கு மேல். அவகாசம் அரை மணித்தியாலத்தை எட்டும். முதுகில் பெரிய தட்டைச் சுமந்து பறக்கும் முன்னெச்சரிக்கை விமானங்களுக்கு நாடுகள் கோடிகோடியாகச் செலவழிப்பது இந்தச் சில நிமிடங்களுக்காகத்தான். 500 கிலோமீற்றர் உயரத்திலுள்ள செய்மதிக்கு அடிவானம் ஏறத்தாழ 2,570 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும்.

மலைநாட்டில் பிறந்தவர் இந்தக் கணக்கைக் கேட்டதும் ஒரு கேள்வி கேட்பார்: மலைக்குப் பின்னால் இருக்கிற பள்ளம்? கேட்க வேண்டிய கேள்வி அதுதான். இறம்பொடை வளைவுகளில் பஸ் திரும்பும்போது கைத்தொலைபேசிச் சிக்னல் பட்டென்று அறுந்துபோகுமே, அதே காரணத்தால் உச்சியிலுள்ள ராடாருக்கும் அடுத்த மேட்டுக்குப் பின்னாலுள்ள பள்ளத்தாக்கு முழு இருட்டு. தாழப் பறக்கத் தெரிந்த விமானி ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு வருவார்.

இன்னொரு தொல்லையும் உண்டு. மேலிருந்து கீழே பார்க்கும் ராடாருக்கு மலைச்சரிவு, மரம், தகரக் கூரை எல்லாமே எதிரொலி தரும். அந்தக் குப்பைக்குள்ளிருந்து விமானத்தைப் பிரித்தெடுக்க, நகரும் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பதை நீக்கும் வடிகட்டியைப் பயன்படுத்துகிறார்கள். அது அளப்பது ராடாரை நோக்கி வரும் அல்லது விலகிப் போகும் வேகத்தை மட்டுமே. ராடாருக்குக் குறுக்காகப் பறக்கும் விமானமும் அந்தரத்தில் நிற்கும் ஹெலிகொப்டரும் அதன் கணக்கில் நிற்கும் மரத்துக்குச் சமம், வடிகட்டியோடு போய்விடும். ஆதலால் ஒரு நாட்டை ஒரே உச்சியிலிருந்து காவல் காக்க முடியாது. ஒன்றின் நிழலை மற்றொன்று பார்க்கும்படி பல ராடார்கள் வேண்டும். ஒன்றுக்குக் குறுக்காகப் பறப்பது இன்னொன்றுக்கு நேராக வருவதாக இருக்கும்.

கண்டும் காணாத காலை

கண்டால் மட்டும் போதாது என்பதை இந்தத் தீவே 1942 ஏப்ரலில் அனுபவித்தது. ஏப்ரல் 4ஆம் திகதி, காலிக்குக் கிழக்கே கொக்கலை ஏரியிலிருந்து கிளம்பிய கற்றலினா கடல்விமானம், லெனார்ட் பெர்ச்சல் என்ற கனேடிய விமானியின் தலைமையில் தென்கிழக்கே வெகுதூரத்தில் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பற்படையைக் கண்டது. செய்தி அனுப்பிக்கொண்டிருந்தபோதே சுட்டு வீழ்த்தப்பட்டது. செய்தி கரைக்கு வந்து சேர்ந்துவிட்டது. கப்பல்கள் பல துறைமுகத்தை விட்டு விலகிச் சென்றன. ஆனால் மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு காலை, கொழும்பை நோக்கி வந்த விமானங்களைப் பற்றி ராடார் நிலையத்திலிருந்து எச்சரிக்கை வரவில்லை. இரத்மலானையில் ஹரிக்கேன் விமானங்கள் தரையில் நிற்கும்போதே எதிரி தலைக்கு மேல் வந்துவிட்டான். குதிரைப் பந்தயத் திடலில் இரகசியமாக அமைத்திருந்த ஓடுபாதை ஜப்பானியருக்குத் தெரியாததால், அங்கிருந்த அணி மேலெழ முடிந்தது. கடலில் கோர்ன்வால், டோர்செற்ஷயர் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் அன்றே மூழ்கடிக்கப்பட்டன. ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் தன்னைக் காக்க விமானம் ஒன்றும் இல்லாமல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது.

இன்றைய படைத்துறையில் இதை ஒரு சங்கிலியாகச் சொல்வார்கள்: கண்டுபிடி, இடத்தை உறுதிசெய், தொடர்ந்து பின்பற்று, எதனால் தாக்குவதென்று முடிவெடு, தாக்கு, விளைவைப் பார். ஆறு கண்ணிகள். 1942இல் முதல் கண்ணி பிடித்தது, இடையில் ஒன்று விட்டுப்போனது. எண்பது ஆண்டுக்குப் பிறகும் வான்போரில் தோற்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தோற்கிறார்கள். விமானத்தின் விலையையும் வேகத்தையும் ஒப்பிட்டு யார் வெல்வார் என்று சொல்வதைவிட, இந்தச் சங்கிலி யாரிடம் விரைவாகவும் அறுபடாமலும் ஓடுகிறது என்று பார்ப்பது சரியான அளவுகோல்.

மலைநாட்டுக்கு அந்தப் போரில் இன்னொரு பங்கும் உண்டு. 1944 ஏப்ரலில் தென்கிழக்காசிய நேச நாட்டுக் கட்டளைத் தலைமையகத்தை அதன் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டன் பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அந்த நாட்களில், வடகிழக்கு இந்தியாவில் மலைகளால் சூழப்பட்ட இம்பால் சமவெளியில் தரைவழி அறுந்து ஜப்பானிய முற்றுகைக்குள் இருந்த நேச நாட்டுப் படைகள், ஜூன் 22ஆம் திகதி பாதை திறக்கும்வரை விமானத்தில் வந்த அரிசியிலும் தோட்டாவிலும்தான் தாக்குப்பிடித்தன. குண்டு போடாத வான்பலம் ஒரு போர்முனையையே காப்பாற்றிய நிகழ்வு அது.

வானம் யார் கையில்

வான் ஆதிக்கம் என்பதில் படிகள் உள்ளன. எதிரியின் தொல்லை பெரிதாக இல்லாமல் நம் வேலையை நம் விருப்பப்படி செய்ய முடிந்தால் அது வான் மேலாதிக்கம். எதிரி ஒன்றுமே செய்ய முடியாத நிலை முழு ஆதிக்கம். நமக்குப் பயன்படாவிட்டாலும் அவனுக்கும் பயன்படாமல் செய்துவிடுவது வான் மறுப்பு. ஏழை நாடுகளுக்கும் சிறிய படைகளுக்கும் எட்டக்கூடியது இந்தக் கடைசிப் படி.

அமெரிக்கா தலைமையில் ஈராக்குக்கு எதிராக 1991 ஜனவரி 17இல் தொடங்கிய வளைகுடாப் போர் முழு ஆதிக்கத்துக்கு உதாரணம். முதல் அடி விழுந்தது ராடார்கள்மீது. தாழப் பறந்து சென்ற அப்பாச்சி ஹெலிகொப்டர்கள் ஈராக்கின் முன்னெச்சரிக்கை ராடார் நிலையங்களை உடைத்து, பின்னால் வந்த விமானங்களுக்கு ஒரு வாசலைத் திறந்தன. பாலைவனத்தில் அவற்றுக்கு வழிகாட்டிய ஹெலிகொப்டர்களில் ஜி.பி.எஸ். இருந்தது. 38 நாள் வான்தாக்குதலுக்குப் பிறகு தரைப்போர் 100 மணித்தியாலத்தில் முடிந்தது.

இதன் மறுபக்கத்தை 1999இல், நேட்டோ நாடுகள் குண்டு போட்டபோது, சேர்பியா காட்டியது. ராடாரை இயக்குவது இருட்டில் டோர்ச் அடிப்பது போன்றது. டோர்ச் அடிப்பவர் எதிரே நிற்பவரைக் காணுமுன், எதிரே நிற்பவர் அவரைப் பார்த்துவிடுவார். அந்த ராடார் அலையையே பிடித்துக்கொண்டு வரும் ஏவுகணைகள் உண்டு. ஆகவே ஒரு சேர்பிய அணி ராடாரைச் சில செக்கன்கள் மட்டும் போட்டு, உடனே அணைத்து, அடிக்கடி இடம் மாறிக்கொண்டே இருந்தது. மார்ச் 27ஆம் திகதி, பழைய எஸ்-125 ஏவுகணையால் ராடாரில் சிக்காதது என்று பெயரெடுத்த எஃப்-117 விமானத்தை வீழ்த்தியது. உக்ரேனில் 2022 முதல் நடப்பதும் பெரும்பாலும் வான் மறுப்புத்தான். இடம் மாறும் ஏவுகணை வண்டிகளுக்குப் பயந்து, ரஷ்ய விமானங்கள் தூரத்திலிருந்தே இறக்கை பூட்டிய குண்டுகளை மிதக்கவிடுகின்றன.

நம் நாட்டிலும் 2007 மார்ச் 26 அதிகாலை, விடுதலைப் புலிகளின் ஒற்றை எஞ்சின் ஸ்லின் 143 விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் குண்டு போட்டுத் திரும்பின. அவை மெதுவாக, தாழ, இரவில் பறந்தன. சிறிய பிஸ்ரன் எஞ்சின் விடும் வெப்பமும் குறைவு. ஜெட் விமானத்தின் வெப்பத்தைத் தேடும்படி செய்த ஏவுகணைக்கு அது நல்ல இலக்கல்ல. இன்று ட்ரோன்களை வீழ்த்தத் திணறும் பெரிய படைகளுக்கு முன்னால் இருப்பதும் இதே புதிர்தான்.

மூன்று தட்டுகள்

செய்மதிகள் எல்லாம் ஒரே உயரத்தில் இல்லை. எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று தெரிந்தால் செய்திகளில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பார்க்கும் செய்மதிகள் தாழ்தட்டில், சில நூறு கிலோமீற்றர் உயரத்தில், செக்கனுக்கு ஏழரை கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகின்றன. ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணித்தியாலம். ஓரிடத்தின் வானில் அதிகம் போனால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நிற்கும். பிறகு அது போகும் பாதையைப் பள்ளிக்கூட மணியைப் போல முன்கூட்டியே கணக்கிடலாம். 1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுச்சோதனைக்கான ஏற்பாடுகளைச் செய்தபோது, அமெரிக்க உளவுச் செய்மதிகள் கடக்கும் நேரத்தைப் பார்த்தே வேலையை ஒளித்து நடத்தினார்கள். அதனால்தான் இன்று ஒரு பெரிய செய்மதிக்குப் பதிலாகப் பல சிறியவற்றை வரிசையாக அனுப்புகிறார்கள். ஒன்று போனதும் அடுத்தது வந்துவிடும்.

கமரா வைத்த செய்மதிக்கு மேகம் தடை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று அடிக்கும்போது அட்டன், நோர்வூட் பக்கத்து மலைகளை அதனால் ஒழுங்காகப் படம்பிடிக்க முடியாது. ராடார் செய்மதி தானே அலையை அனுப்பித் திரும்பப் பெறுவதால் மேகத்தையும் இரவையும் கடந்து பார்க்கும். அதுவும் மலையில் தடுமாறும். சாய்வாகப் பார்ப்பதால் செங்குத்தான சரிவின் உச்சி, அடிவாரத்துக்கு முன்னே வந்து விழுந்ததுபோலப் படத்தில் தெரியும். பின்சரிவு நிழலில் மறைந்துவிடும். இரண்டு திசைகளிலிருந்து எடுத்த படங்களைச் சேர்த்தால்தான் மலை மலையாகத் தெரியும்.

ஒரே சரிவை இரண்டு தடவை அளந்து, நிலம் எத்தனை சென்ரிமீற்றர் நகர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறையும் இதிலிருந்து வந்ததுதான். மண்சரிவு பற்றிப் பேசும் நாம் இதை அறிந்திருக்க வேண்டும். ஐரோப்பாவின் சென்ரினல்-1 செய்மதியின் அலை ஐந்தரை சென்ரிமீற்றர் அளவு நீளம் கொண்டது. அது தேயிலை இலையிலேயே பட்டுத் திரும்பிவிடும். ஒரு செய்மதி அதே பாதையில் மீண்டும் வரப் பன்னிரண்டு நாள் ஆகும். அதற்குள் கொழுந்து பறித்தாகிவிடும், புதுத் தளிர் விட்டுவிடும், இரண்டு படமும் பொருந்தாது. சுமார் 24 சென்ரிமீற்றர் நீள அலையைப் பயன்படுத்தும் ராடார் இலைகளை ஊடுருவி, தண்டிலும் மண்ணிலும் பட்டுத் திரும்பும். தேயிலைச் சரிவுகளுக்கு அதுவே பொருத்தம். மறைந்திருக்கும் வாகனத்தைத் தேடும் படைக்கும் இதே வேறுபாடு பொருந்தும்.

மேல்தட்டு 35,786 கிலோமீற்றரில். அங்குள்ள செய்மதி பூமியோடு சேர்ந்து சுழல்வதால் வானில் ஒரே இடத்தில் நிற்கும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அது நமக்குத் தலைக்கு மேலே வந்துவிடுகிறது. லயத்துக் கூரைகளில் இந்திய அலைவரிசைகளைப் பிடிக்கும் டிஷ்ஷைப் பாருங்கள், கிட்டத்தட்ட மழைநீர் பிடிக்கும் சட்டியைப் போல நிமிர்ந்திருக்கும். பள்ளத்தாக்கில் இருந்தாலும் அதற்குச் சிக்னல் குறையாது. தாழ்தட்டில் ஓடும் ஸ்ரார்லிங்க் இணையச் செய்மதிகள் வேறு வகை. செய்மதி நகர்ந்துகொண்டே இருப்பதால் அகன்ற வானம் வேண்டும். பக்கத்து மேடு மறைத்தால், செய்மதி அதன் பின்னால் போகும் ஒவ்வொரு தடவையும் இணைப்பு அறும். மலைநாட்டில் அதைப் பொருத்தும்போது செய்யும் பெரிய தவறு, வீட்டோரம் பள்ளத்தில் வைப்பது.

நடுத்தட்டில், சுமார் 20,200 கிலோமீற்றரில், ஜி.பி.எஸ். இருக்கிறது. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

நூறு மீற்றர் எங்கே போகிறது

ஜி.பி.எஸ். செய்மதி அனுப்புவது நேரத்தை. நான்கு செய்மதிகளின் சிக்னல் எவ்வளவு தாமதித்து வந்தது என்று பார்த்து, கருவி தான் இருக்கும் நெடுங்கோடு, அகலக்கோடு, உயரம், சரியான நேரம் ஆகிய நான்கையும் கணக்கிடும். ஒரு மைக்ரோ செக்கன் பிசகினால் 300 மீற்றர் பிசகும். பள்ளத்தாக்கில் வானம் ஒரு கீற்றாகச் சுருங்கும்போது, தெரியும் செய்மதிகள் எல்லாம் ஒரே பக்கத்தில் குவிந்துவிடுகின்றன. ஈரப்பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னல் வேறு கலக்கும். உயரத்தில்தான் பிழை முதலில் பெருகும்.

ஜி.பி.எஸ். வழிகாட்டும் குண்டு என்பது பழைய இரும்புக் குண்டின் வாலில் பூட்டிய ஒரு கருவி. அது இலக்கைப் பார்ப்பதில்லை. கொடுத்த மூன்று எண்களை நோக்கிப் போகும். ஆகவே எண் எங்கிருந்து வந்தது என்பதே எல்லாம்.

இலங்கையில் இந்த எண்ணுக்குள் ஒரு பொறி இருக்கிறது. நில அளவைத் திணைக்கள வரைபடத்தின் உயரங்கள் கடல் மட்டத்திலிருந்து அளந்தவை. ஜி.பி.எஸ். தன் கணக்கில் அளப்பது பூமிக்கு ஒப்பாக வரைந்த ஒரு வழுவழுப்பான முட்டை வடிவத்திலிருந்து. உலகில் இவை இரண்டும் அதிகமாக விலகும் இடம் நம் தீவுக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. புவியீர்ப்பு குறைவால் கடல் மட்டமே அங்கு நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது. இலங்கையில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய 100 மீற்றர். திருத்தம் செய்யாத கருவி பிதுருதலாகலை உச்சியில் 2,424 மீற்றருக்குக் கிட்டவே காட்டும். நம் கைத்தொலைபேசிச் செயலிகள் பலவற்றில் இந்தத் திருத்தம் உள்ளேயே செய்யப்பட்டிருப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

இப்போது ஒருவர் வரைபட உயரத்தை அப்படியே குண்டின் கருவிக்குள் போட்டுவிட்டால், இலக்கு உண்மையில் இருப்பதைவிட 100 மீற்றர் மேலே இருப்பதாகக் குண்டு நம்பும். அந்த வெற்றிடப் புள்ளியைக் கடந்து தொடர்ந்து இறங்கும். சமதரையில் 45 பாகைச் சாய்வில் வந்தால் இலக்கைத் தாண்டி 100 மீற்றரில் விழும். 30 பாகையில் வந்தால் 173 மீற்றர். இன்னும் செங்குத்தாக, 60 பாகையில் வந்தால் 58 மீற்றர். ஒரு தோட்டத்தில் நூறு மீற்றர் என்றால் கொழுந்து மடுவத்துக்கும் பிள்ளைக்காம்பிராவுக்கும் இடையிலான தூரம்.

கிடைத்தளத்திலும் இதே சிக்கல் உண்டு. நமது பழைய வரைபடங்கள் கந்தவல என்ற அடிப்படைப் புள்ளியை வைத்து வரைந்தவை. இன்றைய இலங்கைக் கட்டவலையின் தொடக்கப் புள்ளி பிதுருதலாகலைதான். பழைய முறையின் நெடுங்கோடு, அகலக்கோட்டை ஜி.பி.எஸ். முறை என்று நினைத்து எழுதினால் இருநூறு மீற்றருக்கு மேல் தள்ளிப்போகும். குண்டு எறியும் படைக்கு மட்டும் உரிய கவலை அல்ல இது. மண்சரிவில் சிக்கியவர்களின் இடத்தை ஹெலிகொப்டருக்குச் சொல்பவரும், எந்த முறையில் எடுத்த எண் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எண் சுத்தமாகவே இருந்தாலும் இலக்கே தவறாக இருக்கலாம். 1999 மே 7 இரவு பெல்கிரேட்டில் அமெரிக்க விமானம் போட்ட ஐந்து குண்டுகளும் கொடுத்த எண்ணுக்கே போயின. அந்த எண்ணில் இருந்தது சீனத் தூதரகம். மூன்று பேர் இறந்தார்கள். துல்லியமான ஆயுதம் தவறான தகவலையும் துல்லியமாகவே நிறைவேற்றும்.

மெல்லிய காற்று

மலையில் பறப்பவருக்கு இன்னொரு எதிரி காற்றின் அடர்த்தி. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெப்பநிலை 20 பாகையாக இருக்கும் ஒரு பகலில் அங்குள்ள காற்று, கடல் மட்ட நியமக் காற்றைவிட ஏறத்தாழ 22 வீதம் மெல்லியது. ஹெலிகொப்டரின் விசிறிக்கு அந்தப் பகல், பிதுருதலாகலை உச்சியிலேயே பறப்பதற்குச் சமம். எஞ்சினின் வலுவும் குறையும், விசிறியின் தூக்கலும் குறையும். கட்டுநாயக்கவில் முழுச் சுமையோடு எழுந்த ஹெலிகொப்டர் மலையில் ஒரே இடத்தில் மிதந்து நிற்க முடியாமல் போவது இதனால்தான். எரிபொருளையோ ஆட்களையோ குறைத்தாக வேண்டும். விடியற்காலைக் குளிரில் ஏற்றுவதும், நண்பகலில் ஏற்றாமல் இருப்பதும் அனுபவசாலிகளின் வழக்கம். இரண்டு நடை போனாலும் பரவாயில்லை என்று அரைச் சுமையில் போவது கோழைத்தனமல்ல.

1999 கார்கில் போர் இந்தப் பாடத்தின் கடுமையான பதிப்பு. மே 26இல் இந்திய விமானப்படை, பாகிஸ்தான் தரப்பினர் பிடித்திருந்த, 4,500 மீற்றருக்கு மேலுள்ள முகடுகளைத் தாக்கத் தொடங்கியது. அடுத்த இரண்டே நாட்களில் மிக்-21, மிக்-27, எம்.ஐ.-17 ஹெலிகொப்டர் ஆகியவற்றை இழந்தது. முகட்டில் நிற்பவர் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைக்கு, தாழப் பறக்கும் விமானம் எதிரில் வருவதுபோல. குண்டு விழும் பாதையும் மெல்லிய காற்றில் மாறிவிடும். தாழ்நிலத்துக்குப் போட்ட கணக்கு பொருந்தாது. பிறகு ஏவுகணை எட்டாத உயரத்துக்கு ஏறி, மிராஜ் 2000 விமானங்களிலிருந்து லேசர் ஒளி வழிகாட்டும் குண்டுகளைப் பயன்படுத்தினார்கள். ஆனால் லேசருக்கு இலக்குவரை வெளித்த பார்வை வேண்டும். மேகம் வந்தால் லிப்டன் சீட்டின் கதைதான்.

செய்மதியின் கண்ணைக் கட்டுதல்

செய்மதியை உடைக்கலாம். 2007 ஜனவரி 11இல் சீனா தன் பழைய வானிலைச் செய்மதியை உடைத்ததில் மூவாயிரத்துக்கும் அதிகமான, பின்தொடரக்கூடிய துண்டுகள் பரவின. 2021 நவம்பர் 15இல் ரஷ்யா தன் பழைய செய்மதியை உடைத்ததில் ஆயிரத்து ஐந்நூறு துண்டுகள். இந்தியா 2019 மார்ச் 27இல் தாழ்வான, 300 கிலோமீற்றருக்கும் குறைந்த உயரத்தைத் தேர்ந்தெடுத்ததால் துண்டுகளில் பெரும்பாலானவை விரைவில் காற்றில் எரிந்தன. உடைத்தவரின் செய்மதிக்கும் அதே குப்பை ஆபத்து என்பதால் போரில் பெரும்பாலும் கையாளப்படுவது வேறு வழி.

ஜி.பி.எஸ். சிக்னல் தரைக்கு வரும்போது, பின்னணி இரைச்சலைவிட மங்கலாக இருக்கும். சில வாற் வலுவுள்ள கருவியே சுற்றுவட்டாரத்தைக் குருடாக்கிவிடும். அதைவிட மோசமானது பொய்ச் சிக்னல். கருவி தவறை உணராமல் நம்பிக்கையோடு தவறான இடத்தைக் காட்டும். 2022 பெப்ரவரி 24இல் ரஷ்யப் படை நுழைவதற்குச் சற்று முன், வயாசட் நிறுவனத்தின் செய்மதி இணைய வலையமைப்பு தாக்கப்பட்டது. செய்மதியை யாரும் தொடவில்லை. தரையிலிருந்த மோடங்களின் மென்பொருளை அழித்தார்கள். ஜேர்மனியில் 5,800 காற்றாலைகளின் தொலைக்கண்காணிப்பும் அதில் போனது. விண்வெளிப் பலத்தின் மெல்லிய இடம் பெரும்பாலும் தரையில்தான்.

ட்ரோன் பற்றி ஒரு வார்த்தை. காணொளி பார்த்து ஓட்டும் சிறு ட்ரோனுக்கும் பார்வைக் கோடு வேண்டும். மேட்டைத் தாண்டி இறங்கியதும் படம் அறும். உக்ரேனில் இதற்காகவும் இடையூறுச் சிக்னலிலிருந்து தப்பவும், கிலோமீற்றர் கணக்கில் கண்ணாடி நார் இழையை அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்கள் வந்துவிட்டன.

வானிலிருந்து முடியாதது

இத்தாலியப் படைத்தளபதி ஜூலியோ தூவே 1921இல், நகரங்களைக் குண்டால் நொறுக்கினால் மக்கள் மனமுடைந்து அரசைப் பணிய வைப்பார்கள் என்று வாதிட்டார். லண்டனிலும் ஜேர்மனிய நகரங்களிலும் வியட்நாமிலும் அது நடக்கவில்லை. இடிந்த வீட்டுக்கு முன்னால் நிற்பவர் தன் அரசை எதிர்க்கக் கிளம்புவதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொள்கிறார். வானிலிருந்து ஓரிடத்தை அழிக்கலாம், அங்கு ஒரு பஸ்ஸை ஓடவைக்கவோ ஒரு பள்ளிக்கூடத்தைத் திறக்கவோ முடியாது.

போர்ச் சட்டம் மூன்று கடமைகளை வைக்கிறது: போராளியையும் பொதுமக்களையும் பிரித்தறிதல், கிடைக்கும் இராணுவப் பயனுக்கு மிஞ்சிய பொதுமக்கள் இழப்பைத் தவிர்த்தல், தாக்குமுன் முடிந்த எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தல். 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில், இடம்பெயர்ந்து வந்து தங்கியிருந்த மக்கள்மீது விமானப்படைக் குண்டுகள் விழுந்து நூற்றுக்கும் அதிகமானோர் மாண்டார்கள். ஒரு தேவாலயத்தின் இடம் எந்த வரைபடத்திலும் இருக்கும். சங்கிலியின் மூன்றாம், நான்காம் கண்ணிகளில் உட்கார்ந்திருப்பவர் கேட்க வேண்டிய கேள்வி, அங்கே இப்போது யார் இருக்கிறார்கள் என்பது. அதைக் கேட்காத வான்பலத்தைப் பலம் என்று அழைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

ஹெலிகொப்டர் வரும்போது

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியில் மலைநாட்டுப் பாதைகள் மண்சரிவால் துண்டிக்கப்பட்டபோது, பல ஊர்களுக்கு வழி வானமாகத்தான் இருந்தது. இலங்கை விமானப்படையோடு இந்திய ஹெலிகொப்டர்களும் பறந்தன. இம்பாலில் நடந்ததும் இதுவும் படைத்துறைக் கண்ணுக்கு ஒரே வேலை. இதில் தரையில் நிற்பவர்களுக்கும் பங்கு உண்டு.

பெல் 212 ஹெலிகொப்டரின் விசிறி விட்டம் ஏறத்தாழ 14.6 மீற்றர், எம்.ஐ.-17இனுடையது 21.3 மீற்றர். இறங்கும் இடம் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். அதாவது முதலாவதற்கு 30 மீற்றர் சதுரம், இரண்டாவதற்கு 43 மீற்றர். தோட்டப் பாடசாலை மைதானம் பெரும்பாலும் போதும். சுற்றிலுமுள்ள மின்கம்பியையும் தொலைபேசிக் கம்பியையும் பழைய கொழுந்துக் கம்பிப்பாதையையும் முதலில் பாருங்கள். விமானிக்கு மேலிருந்து கம்பி தெரியாது, கம்பத்தைத்தான் தேடுவார். இருக்கும் கம்பியைப் பற்றி முன்கூட்டியே தகவல் சொல்லுங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்ட உயரமான தடியில் ஒரு துணியைக் கட்டுங்கள், அது பிய்ந்து போகாதபடி இறுக்கமாக.

விமானி கைகாட்டும்வரை யாரும் நெருங்கக்கூடாது. நெருங்கும்போது முன்பக்கமாக, விமானியின் கண்ணில் பட்டு, குனிந்து போக வேண்டும். வால்பக்கம் போகவே கூடாது. சுழலும் வால்விசிறி கண்ணுக்குத் தெரியாது. சரிவான இடமென்றால் கீழ்ப்பக்கத்திலிருந்தே ஏறி வர வேண்டும். மேல்பக்கத்திலிருந்து இறங்கி வருபவரின் தலை உயரத்துக்கு விசிறி வந்துவிடும். தொப்பி, துப்பட்டா, போர்வை எல்லாவற்றையும் கையில் சுருட்டிப் பிடியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், மைதானத்தைச் சுற்றியுள்ள கூரைகளைப் பார்த்துவிடுங்கள். ஆணி கழன்ற தகரமோ கல்லை வைத்து அமர்த்திய தகரமோ விசிறிக் காற்றில் எழும்பிப் பறக்கும். அதை முதல்நாளே கழற்றி, தரையில் படுக்கவைத்து, மண்மூட்டை போட்டு அமர்த்துங்கள்.